பெட்டிக்குள் பாதியில் நின்ற கப்பல்

1783ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி பிற்பகல், கடலூருக்கு எதிரே கடலில் 33 போர்வரிசைக் கப்பல்கள் இரண்டு அணியாக நின்று ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 18 கப்பல்கள் பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸுடையவை, 15 கப்பல்கள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுடையவை. சுமார் மூன்று மணி நேரம் நடந்த அந்தச் சண்டையில் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனாலும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. கடலூர்க் கோட்டையை வளைத்து நின்ற பிரிட்டிஷ் தரைப்படைக்குக் கடல்வழித் துணை இல்லாமல் போயிற்று. இரு நாடுகளும் ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தன. அந்தச் செய்தி கடலூர் வந்து சேர்ந்தபோது ஜூன் மாதம் முடியப்போகும் நேரம்.

அன்று சுட்டுக்கொண்டவை அத்தனையும் மரக்கப்பல்கள். அந்தக் காலத்துப் போர்வரிசைக் கப்பல்களில் இன்றும் முழுதாக நிற்பது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் உள்ள 'விக்டரி' ஒன்றுதான். 1765இல் நீரில் இறங்கியது அது. மற்றவை வரைபடங்களாகவும் மாதிரிகளாகவும் மட்டுமே பிழைத்திருக்கின்றன. விக்டரியின் பீரங்கித் தளம் 186 அடி நீளம். 1:72 என்ற அளவில் சுருக்கினால் 79 சென்டிமீட்டர். ஒரு மேசையில் அடங்கிவிடும். ஸ்பெயினின் ஆர்ட்டெசானியா லத்தினா, இத்தாலியின் மாண்டுவா, அமாட்டி, டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் போன்ற நிறுவனங்கள் இப்படிச் சுருக்கிய கப்பல்களை மரப்பட்டைகளாகவும் பித்தளைத் துண்டுகளாகவும் நூல்கண்டுகளாகவும் ஒரு பெட்டியில் அடுக்கிப் பல பத்தாண்டுகளாக விற்று வருகின்றன. மாதிரிக் கப்பல் கட்டுவோர் இதைக் 'கிட்' என்று சொல்வார்கள்.

இந்தப் பெட்டிகளில் பல பாதியிலேயே நின்றுவிடுகின்றன. நடுச்சட்டமும் குறுக்குச் சட்டங்களும் ஒட்டுப்பலகையில் வெட்டியே வருவதால் ஓரிரு வாரத்தில் கப்பலின் எலும்புக்கூடு எழுந்துவிடும். அதன் மேல் பலகை வேய ஆரம்பித்ததும், முன்பக்கமான அணியத்தில் பட்டை வளைய மறுக்கும், ஒடியும், பக்கத்துப் பட்டையின் மேல் ஏறும். கட்டுபவருக்கு வேலை மாற்றமோ குழந்தைகளின் பள்ளியோ வந்து சேரும். பெட்டி பரணுக்குப் போகும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் திரும்பியவர்களின் சாமான்களோடு கடலூர், சிதம்பரம் பக்கம் வந்து சேரும் பெட்டிக்கு இந்தக் கடற்கரைக் காற்றும் ஒரு சோதனை.

பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் முதலில் பார்ப்பது முறுக்கிக்கொண்ட பட்டைகள், கறுத்த பித்தளை, வெள்ளைப் பொடி பூத்த நங்கூரம், தொட்டால் அறும் நூல். இதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரும்பாலான கிட்டுகளை மீட்டுவிடலாம். அதற்கு இந்த ஒவ்வொரு பொருளும் அந்த ஆண்டுகளில் என்ன அனுபவித்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவில் பெரும்பகுதி மரத்தைப் பற்றியது.

மரம் வெட்டி எத்தனை ஆண்டு ஆனாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. அதன் செல் சுவர்களிலுள்ள செல்லுலோசும் ஹெமிசெல்லுலோசும் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரத்திலுள்ள நீர் அதன் உலர் எடையில் சுமார் 9 விழுக்காட்டில் நிலைகொள்ளும். ஈரப்பதம் 80ஐத் தாண்டினால் 16, 17 என ஏறும். வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்க் கரையின் காலைக் காற்று 80ஐத் தாண்டுவது சாதாரணம்.

நீர் ஏறினால் மரம் வீங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வீங்குவதில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இழையின் நீளவாக்கில் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஓரளவு இருக்கும். வளர்ச்சி வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் அதுவே மிக அதிகம். பச்சை மரம் முழுக்க உலரும்போது தேக்கு ஆரத் திசையில் 2.5 விழுக்காடும் வளையத் திசையில் 5.8 விழுக்காடும் சுருங்கும். கிட்டுகளில் முதல் அடுக்குப் பலகைக்கு வழக்கமாக வரும் லைம் மரத்தின் அமெரிக்க உறவான பாஸ்வுட் அதே திசைகளில் 6.6, 9.3 விழுக்காடு சுருங்கும். மென்மையாக, வெட்டுவதற்கு இதமாக இருக்கும் மரம். ஆனால் ஈரத்துக்கு ஆடும் மரம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 5 மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் 20ஐ நெருக்கி ஒட்டினால் கப்பலின் ஒரு பக்கம் 100 மில்லிமீட்டர். பட்டைகள் 9 விழுக்காட்டு ஈரத்தில் இருந்தபோது ஒட்டியதாக வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அது 17க்கு ஏறினால், வளையத் திசையில் வெட்டிய பாஸ்வுட் பக்கம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் விரிய விரும்பும். உள்ளேயிருக்கும் ஒட்டுப்பலகைச் சட்டம் அந்த அளவுக்கு விரியாது, ஏனென்றால் அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டு ஒன்றையொன்று தடுத்துக்கொள்கின்றன. போக இடமில்லாத இரண்டரை மில்லிமீட்டர் வெளியே புடைக்கும், அல்லது பசையைப் பிளக்கும். இதுவே மழைக்காலத்தில் ஒட்டி முடித்த கப்பலானால், சித்திரை வெயிலில் பட்டைகளுக்கு நடுவே கோடு கோடாக இடைவெளி திறக்கும்.

எனவே மீட்பு வேலையின் முதல் படி எதையும் ஒட்டாமல் இருப்பதுதான். பட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, தட்டையான பலகையில் இடைவெளி விட்டுப் பரப்பி, கட்டப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். மழையின் நடுவிலும் கத்திரி வெயிலின் நடுவிலும் பலகை வேயாமல், தை மாசியில் வேய்வது கடலூருக்குப் பொருத்தம். வேய்ந்து முடித்ததும் உள்ளும் புறமும் ஷெல்லாக்கோ வார்னிஷோ பூச வேண்டும். உட்புறத்தை விட்டுவிடுவது பலர் செய்வது. பூச்சு ஈரத்தை நிறுத்திவிடாது, அதன் வரத்தை மெதுவாக்கும். ஒரு நாள் மழைக்கும் ஒரு நாள் வெயிலுக்கும் மரம் துள்ளாமலிருக்க அது போதும்.

ஆனால் நடுச்சட்டம் முறுக்கியிருந்தால்? அதை நனைத்து, கல் ஏற்றி நிமிர்த்தப் பலர் முயல்கிறார்கள். நிமிர்ந்ததுபோல் தெரியும், அடுத்த மழைக்குப் பழைய வளைவை நோக்கித் திரும்பும். கப்பலுக்கு அதுதான் முதுகெலும்பு, படகுத் தச்சர்கள் ஏரா என்பார்களே அதன் இடத்தில் இருப்பது. வரைபடத்தை வைத்துப் புதிய ஒட்டுப்பலகையில் வெட்டிவிடுவதே சரி. சட்டங்களைக் கழற்றி மாற்ற ஒரு நாள் கூடுதலாகும், பல மாத உழைப்பு தப்பும்.

அடுத்தது அந்தப் பழைய தோல்வி, அணியத்தின் வளைவு. அங்கே தவறு பெரும்பாலும் கணக்கில் தொடங்குகிறது. கப்பலின் நடுவில் 100 மில்லிமீட்டர் இருக்கும் பக்கம், அணியத்தில் 60ஆகக் குறுகுகிறது என்றால், 5 மில்லிமீட்டர் பட்டை ஒவ்வொன்றும் அங்கே 3 மில்லிமீட்டராகச் சீவப்பட்டிருக்க வேண்டும். சீவாத பட்டைக்கு இடம் போதாது. அது பக்கவாட்டில் நெளிந்து அடுத்ததன் மேல் ஏறும். பின்பக்கமான அமரத்தில் இதற்கு நேர்மாறாக இடம் கூடும், ஆப்பு வடிவத் துண்டுகள் வைத்து நிரப்ப வேண்டும். கடலூர் முதுநகரில் மர விசைப்படகு கட்டும் தச்சர் ஒவ்வொரு பலகையையும் குறுக்குச் சட்டங்களான வங்குக்கால்களின் மேல் வைத்துப் பார்த்து, செதுக்கி, மறுபடி வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வளைந்த உடம்புக்கு நேர்ப்பலகை பொருந்தாது.

சீவிய பட்டையை வளைக்க நீரும் வெப்பமும் சேர்ந்து வேண்டும். மரத்தின் இழைகளைப் பிணைத்து விறைப்பாக வைத்திருப்பது லிக்னின். உலர்ந்த நிலையில் அது இளக மிக அதிக வெப்பம் தேவை. நீர் ஊறியிருந்தால் கொதிநிலைக்குக் கீழேயே இளகத் தொடங்கும். அந்த நேரத்தில் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று வழுக்கி இடம் மாறும், குளிர்ந்து உலர்ந்ததும் புதிய வளைவில் உறையும். வெறும் தண்ணீரில் ஊறவைத்து வளைத்த பட்டை கையை விட்டதும் பாதி நிமிர்ந்துவிடுவதற்குக் காரணம் லிக்னின் இளகாததுதான். அரை மணி நேரம் ஊறவைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் விளிம்பிலோ கொதிநீர்க் குழாயிலோ வைத்து மெதுவாக வளைத்து, கவ்வி போட்டு உலரவிட்டால் வளைவு நிற்கும். பல ஆண்டு உலர்ந்து கிடந்த பட்டைக்கு ஊறும் நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

முன்பு தவறாக ஒட்டியவற்றைப் பிரிக்க முடியுமா என்பது எந்தப் பசை என்பதைப் பொறுத்தது. தச்சர் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட். வெந்நீரிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ தோய்த்த பஞ்சை வைத்தால் அது ஊறி இளகும். உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசைக்கு அசிட்டோன். எப்பாக்சி போட்டிருந்தால் பிரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு அந்தப் பலகையை வெட்டியெடுப்பதே வழி. அருங்காட்சியகங்களில் பழுது பார்ப்போர் திரும்பப் பிரிக்கக்கூடிய பசைகளையே தேடிப் போவதன் அருமை இந்த இடத்தில் புரியும்.

பலகை வேய்ந்ததும் வருவது கப்பலின் அடிப்பாகம். விக்டரி போன்ற கிட்டுகளில் அதற்குச் செம்புத் தகடுகள் கொடுத்திருப்பார்கள், விரல்நுனியில் ஒட்டுமளவு சின்னவை. உண்மையான தகடு 4 அடி நீளம். 1:72இல் 17 மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கில் ஒட்ட வேண்டிய இந்தத் தகடுகள் அலங்காரமில்லை. கடலூர்ப் போரின் கதையும் பிச்சாவரத்துச் சேற்றின் கதையும் சேருமிடம் இதுதான்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சாய்ந்து கிடக்கும் மரத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு பூசிய குழல்கள் தெரியும். கப்பல்புழு என்று உலகம் அழைக்கும் உயிரின் வேலை அது. உண்மையில் அது புழு அல்ல, சிப்பி இனம். அதன் இரு ஓடுகளும் சுருங்கித் தலைமுனையில் அரம்போன்ற துளைக்கருவியாகிவிட்டன. குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலையளவு துளையில் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைத் தின்றுகொண்டே நீள்கிறது. வெளியே மரம் நல்லபடியாகத் தெரியும், உள்ளே தேனடைபோல் ஆகியிருக்கும். மரத்தின் செல்லுலோசை உடைக்க உதவும் நொதிகளை அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் செய்து தருகின்றன. மரத்தில் அரிதான நைட்ரஜனையும் அவை கடல்நீரில் கரைந்ததிலிருந்து பிடித்துத் தருகின்றன. அந்த பாக்டீரியத்துக்கு, கப்பல்புழுக்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ரூத் டர்னரின் பெயரைச் சேர்த்து 2002இல் 'டெரெடினிபாக்டர் டர்னரே' என்று பெயரிட்டார்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சுற்றியுள்ள நீர் இந்த வகை உயிர்களுக்குச் சொந்த வீடு. அலையாத்திக் காட்டில் செத்த மரத்தைச் சிதைத்துச் சத்தை நீருக்குத் திருப்பித் தரும் பயனுள்ள வேலைக்காரர் இந்தக் கப்பல்புழு. கப்பல்காரருக்கு அதுவே பெரும் பகை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை இதற்குச் செம்பை நாடியது. 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது புழுவும் இல்லை, பாசியும் இல்லை. ஆனால் பலகையைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. தகட்டோடு சேர்ந்து வந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் உரிக்கப்படாமல் இடையில் தங்கியிருந்தது. அந்த இடங்களில் மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. செம்பும் இரும்பும் கடல்நீரில் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் உண்டாகிறது, அதில் இரும்பு கரைகிறது. வோல்டா தம் மின்கலத்தைச் செய்வதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு காகிதத் துண்டு அந்த மின்வேதியியலைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பதினைந்து ஆண்டுகள் தயங்கிய பின், கடற்படை வாரியத்தின் தலைவர் சார்லஸ் மிடில்டன் முழுப் படைக்கும் செம்பு போட வேண்டும் என்று வாதாடினார். செலவு பெரிது, ஆணிப் பிரச்சினை தீரவில்லை. அவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் எடுத்துச் சென்றது ஒரு மாதிரிக் கப்பலை. 'பெல்லோனா' என்ற 74 பீரங்கிக் கப்பலின் மாதிரி. அடிப்பாகத்தில் சின்னஞ்சிறு செம்புத் தகடுகள் ஒட்டியது. அதைக் காட்டி விளக்கி மன்னரின் சம்மதம் வாங்கினார். கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் செம்படியோடு கூடிய பெல்லோனா மாதிரி இன்றும் இருக்கிறது. ஒரு மேசைமேல் வைத்த மரப்பொம்மை ஒரு நாட்டின் படையை மாற்றியது என்றால் அது மிகையில்லை. 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே வந்த ஹியூஸின் கப்பல்கள் செம்பு வேய்ந்தவை, சுஃப்ரனின் கப்பல்களில் பலவற்றுக்கு அது இல்லை. செம்பில்லாத அடியில் பாசியும் சிப்பியும் படர்ந்து வேகம் குறையும். அந்தக் குறையோடும் எண்ணிக்கைக் குறையோடும் சுஃப்ரன் கடலூரைக் காத்தது அவருடைய திறமைக்குச் சான்று. ஸ்கர்வி நோயிலும் குடிநீர்த் தட்டுப்பாட்டிலும் வாடிய ஹியூஸின் மாலுமிகளும் அதற்கு ஒரு காரணம்.

செம்பு காப்பது தான் மெல்லக் கரைவதால்தான். கரையும் செம்பு அயனிகள் ஒட்ட வரும் குஞ்சுகளுக்கு நஞ்சு. கொச்சியில் கட்டப்பட்ட 'சமராங்' உள்ளிட்ட கப்பல்களில் ஹம்ப்ரி டேவி 1824இல் இரும்புத் துண்டுகளைப் பொருத்திச் செம்பு கரையாமல் செய்தார். வேதியியலில் வெற்றி. ஆனால் கரையாத செம்பில் சிப்பிகள் குடியேறின, கப்பல் வேகமிழந்தது. மாதிரிக் கப்பலில் இந்த அறிவு வேறுவிதமாக உதவும். கைவியர்வையின் உப்பும் அமிலமும் செம்பில் விரல்ரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும் என்பதால் தகட்டை ஆல்கஹாலில் துடைத்து, கையுறையோடு ஒட்ட வேண்டும். அமரத்திலிருந்து அணியத்தை நோக்கி ஒட்டிவந்தால் முன் தகடு பின் தகட்டின் மேல் ஏறி நிற்கும், நீர் விளிம்புக்கடியில் புகாமல் வழுக்கிப் போகும். நிஜக் கப்பலிலும் அப்படித்தான் அடித்தார்கள்.

பெட்டியிலுள்ள உலோகத்துக்கு வருவோம். பழைய கிட்டுகளில் பீரங்கி, நங்கூரம், கப்பிகள் ஈயம் கலந்த வார்ப்புகளாக இருக்கும். மூடிய பெட்டிக்குள் மரமும் சில பசைகளும் அசிட்டிக் அமில ஆவியைச் சிறிது சிறிதாக வெளியிடுகின்றன. அந்த ஆவி ஈயத்தைத் தாக்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, ஈயக் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடியாக்குகிறது. ஓக் மரம் இதில் மிக மோசம். பொடி ஒருமுறை தொடங்கினால் உள்ளே உள்ளே போகும், கடைசியில் பீரங்கி கையில் நொறுங்கும். அமெரிக்கக் கடற்படையின் கப்பல் மாதிரிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்த டானா வெக்னர் இந்தச் சிதைவைப் பற்றி எழுதி, காட்சிப் பெட்டிக்குள் காற்றோட்டம் வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தப் பொடி நச்சு. ஊதித் தள்ளக் கூடாது. பூத்த வார்ப்புகளைக் கையுறையோடு அகற்றிவிட்டுப் பித்தளையில் மாற்றுவதே நல்லது.

பித்தளைக்கு வேறு எச்சரிக்கை. கறுத்த பித்தளையை மெருகேற்றக் கடையில் வாங்கும் திரவங்களில் பல அம்மோனியா கலந்தவை. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும் அடித்து உருட்டியபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் தெளிவானது. அடித்தும் வளைத்தும் செய்த சின்ன ஆணிகளுக்கும் வளையங்களுக்கும் அதே ஆபத்து உண்டு. எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் சிறிது நேரம் வைத்து, நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்தினால் போதும்.

பருத்தி நூல்களைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஒளியும் அமிலமும் செல்லுலோசின் நீண்ட சங்கிலியை வெட்டிவிட்டால் அதை மறுபடி கோக்க வழியில்லை. புதிய நூல் வாங்கிக்கொள்ளலாம்.

பட்டைகளில் குண்டூசித் துளையும் அதனடியில் மாவுபோன்ற தூளும் தெரிந்தால் உள்ளே உளு வண்டு இருக்கிறது. மாவுச்சத்துள்ள, வைரம் பாயாத மரமும் ஒட்டுப்பலகையும் அதற்குப் பிடித்தமானவை. மருந்தடித்தால் பட்டையின் நிறமும் பசையின் பிடிப்பும் கெடும். அருங்காட்சியகங்கள் செய்வதுபோல் காற்றுப்புகாத பையில் அடைத்து, காற்றை வெளியேற்றி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் மடியும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் பட்டைமேல் நீர் கோக்கும்.

ஒடிந்த, தொலைந்த பட்டைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து வால்நட் தருவிக்க வேண்டியதில்லை. சுருக்கிய கப்பலுக்கு மரத்தின் நுண்துளைகளும் சுருங்கியிருக்க வேண்டும். தேக்கின் இழை 1:72 கப்பலில் கயிறு தடிமனுக்குத் தெரியும், அதன் எண்ணெய்ப்பசை ஒட்டவும் விடாது. மஞ்சக்கடம்பு நெருக்கமான இழையுடைய மஞ்சள் மரம். வெட்பாலை தந்தம்போல் வெளுத்தது, கர்நாடகத்தின் சென்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் கடையப்படுவது அதில்தான். பலகைகளைப் பிணைக்கும் மர ஆணிக்கு மூங்கில் சீவல் உலகின் எந்த மரத்துக்கும் குறைந்ததில்லை. சிதம்பரத்தில் மார்கழியிலும் ஆனியிலும் ஓடும் ஐந்து தேர்களும் மரம், கூத்தபிரானின் சிற்சபையும் மரம். இந்த மரங்களைச் சிறு பட்டைகளாக அறுத்துத் தரத் தெரிந்த தச்சர் இந்த ஊர்களில் கிடைக்காமல் போகமாட்டார்.

இவ்வளவு கவனத்துக்கும் உரியது ஒரு பிரிட்டிஷ் கப்பல்தானா என்ற கேள்வி இந்தக் கரையில் எழுவது நியாயம். உரியதுதான், அதோடு நிற்கக் கூடாது என்பதுதான் முக்கியம். 1830களில் சோழமண்டலக் கரைக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எட்மோன் பாரி இங்கிருந்த சலங்குகளையும் தோணிகளையும் கப்பல் கட்டுவோருக்குரிய துல்லியத்தோடு வரைந்து 1840களின் தொடக்கத்தில் வெளியிட்டார். பின்னர் பாரிஸ் கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்ததும், உலகமெங்கும் தாம் வரைந்த படகுகளுக்கு மாதிரிகள் செய்வித்தார். அலை உடையும் கரையில் ஆணி போட்டு இறுக்கிய படகு உடையும் என்பதால் சலங்கின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள் நம் ஆட்கள். படகு தரை தட்டும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். மதராஸ் மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மக்ரெய்ல் ஆகியோர் 1990களில் தமிழகத்தின் வத்தை மீன்பிடிப் படகுகளை அளந்து ஆய்வு செய்தார்கள். நம் படகுகளின் அளவுகள் இன்று பெரும்பாலும் இத்தகைய வெளியாரின் ஏடுகளில்தான் இருக்கின்றன.

தணக்கு போன்ற லேசான மரக்கட்டைகளைக் கட்டி ஓட்டிய கட்டுமரத்தைக் கடலூர் மீனவர் தினமும் கரையேற்றி உலர்த்தினார். நீரில் கிடக்காத மரத்தில் கப்பல்புழு குடியேற முடியாது. பலகைப் படகுகளுக்கு மீன் எண்ணெயும், பண்ருட்டிப் பக்கத்தில் விளையும் முந்திரியின் ஓட்டு எண்ணெயும் பூசினார்கள். அந்த எண்ணெயிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் மரத்தைக் காப்பவை. அதோடு செம்பையும் சேர்த்து மரக்காப்பு மருந்தாக்கும் ஆய்வு இந்தியாவில் நடந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. மீனவருக்கு அது நன்மை. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மரப்படகு கட்டத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

ஆகவே பரணிலிருந்து விக்டரியை இறக்கி முடிப்பவர்கள் அடுத்து ஒன்று செய்ய வேண்டும். கடலூர் முதுநகரிலோ பரங்கிப்பேட்டையிலோ கரையேறிக் கிடக்கும் ஒரு மரப்படகைச் சொந்தக்காரரின் அனுமதியோடு அளந்துவிடுங்கள். அளவுநாடா, தூக்குநூல், நீர்மட்டக்குழாய், வரைதாள் போதும். ஏராவின் நீளம், ஒவ்வொரு வங்கின் வளைவு, பலகைகளின் அகலம், எந்த மரம், எந்த ஆணி, பலகைச் சந்தில் என்ன வைத்துக் கலபத்து அடித்தார்கள் என்பதைப் படகு கட்டிய தச்சரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 12 மீட்டர்ப் படகு 1:20 அளவில் 60 சென்டிமீட்டர் மாதிரியாகும். வரைபடத்தின் ஒரு படியை அந்தத் தச்சர் வீட்டுக்கும், இன்னொன்றை அருகிலுள்ள பள்ளிக்கும் கொடுங்கள்.